இரண்டாவது கையெழுத்து

சார், அறையில் இன்னும் மீன் வாசம் போகவில்லை. வியாழக்கிழமைப் பயிற்சிக்காக ஐஸ் சொல்லியிருந்தேன். வழக்கம்போல மீன் மார்க்கெட்டிலிருந்துதான் வந்தது, உமி ஒட்டிய பெரிய பெரிய கட்டிகளாக. உடைத்து நீலத் தொட்டியில் போட்டோம். நாலு நாளாகிறது. தொட்டியை இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று, ஜன்னலைச் சாத்தவே இல்லை. நீங்களும் அப்படித்தான். செத்து ஒன்றரை வருஷமாகியும் இந்த அறையைக் காலி செய்கிற மாதிரித் தெரியவில்லை.

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களிடம் முழுதாக ஒரு தடவை கோபப்பட எனக்கு வாய்த்ததில்லை. வாயைத் திறந்தால் போதும், "அம்மிணி, நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கறனுங்க" என்பீர்கள். சண்டைக்கு வந்தவள் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். இனி உங்களுக்கு அந்த வசதி கிடையாது. போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதுதான் முறை என்கிறார்கள். உங்கள் படத்துக்கு மாலை போட்ட அன்று அதைச் செய்ய ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். என் முறை வந்தபோது தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷம் இந்த விளையாட்டு விடுதியின் சிகிச்சை அறையில் நாம் இரண்டே பேர். ஓடக் கற்றுக்கொடுக்க கோச் இருந்தார். ஓடி விழுந்தவர்களைத் தூக்குவதும், சுளுக்கிய காலுக்கு டேப் சுற்றுவதும், திரும்ப ஓடலாமா கூடாதா என்று சொல்வதும் ட்ரெய்னர்களான நம் வேலை. நீங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர், ஆறு வருஷம் சீனியர். நான் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஒரே கிரேடு, ஒரே சம்பளம். ஆனால் நான் ஒரு பையனின் கணுக்காலுக்கு டேப் சுற்றத் தொடங்கினால், மூன்றாவது சுற்றில் என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வரும். சுருள் என் கையில் இருக்காது. "இப்படிங்க அம்மிணி" என்று நீங்களே சுற்றி முடித்துவிடுவீர்கள்.

அழகாகத்தான் இருக்கும். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு சுருக்கம் இருக்காது, ஓர் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்காது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட உங்கள் கை பட்டதும் தோளைத் தளர்த்துவார்கள். நல்ல கை உங்களுக்கு, இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கை பக்கத்தில் இருந்தால் வேறு எந்தக் கைக்கும் வேலை இல்லை என்பதுதான் இந்த அறையின் சட்டம்.

பிறகு கல்லூரிகளிலிருந்து கடைசி வருஷ மாணவர்களை மூன்று மாதப் போஸ்டிங்குக்கு நம்மிடம் அனுப்பத் தொடங்கினார்கள். அனுபவம் இருந்தால் மட்டும் போதாது, சொல்லிக்கொடுக்கவும் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சி முடித்தவர்கள்தான் மாணவர்களின் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம் என்று உத்தரவு வந்தது. மூன்று நாள் வகுப்புக்கு இரண்டு பேரும் திருச்சூர் போனோம். பதினைந்து வருஷம் வேலை பார்த்தவனுக்கு வகுப்பா என்று பஸ்ஸில் ஆலத்தூர் வரைக்கும் முனகிக்கொண்டே வந்தீர்கள்.

இரண்டாம் நாள் வகுப்பெடுத்த மேடம் ஒரு பயிற்சி வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா. ஒரு மாணவி வந்து, கால் சுளுக்கிய ஒரு பையனின் கணுக்காலுக்கு டேப் சுற்றுவாள். நாம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு பத்து நிமிஷம் பார்க்க வேண்டும். தொடக் கூடாது. கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். அந்தப் பெண் கன்னாபின்னாவென்று சுற்றினாள். நாலாவது நிமிஷம் நீங்கள் எழுந்து போய்ச் சுருளை வாங்கிவிட்டீர்கள். ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன். ஏன் எழுந்தீர்கள் என்று மேடம் மலையாளத்தில் கேட்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "அந்தப் பையனுக்கு வலிக்குமுங்க. பாத்துட்டு சும்மா உக்கார எனக்கு வராதுங்க" என்றீர்கள். அடிபட்டவன் மாணவர்கள் பழகிப் பார்க்கிற பலகை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அன்றைக்கு எனக்கும் உங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது. அப்படி நினைத்த என்னையும் சேர்த்துத்தான் இப்போது திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சான்றிதழ் இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள். திரும்பி வந்தோம், அறையில் எதுவும் மாறவில்லை.

பதிவேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருக்கும். பார்த்தார், உதவியோடு செய்தார், தனியாகச் செய்தார். கீழே இரண்டு கையெழுத்து, கற்றுக்கொடுத்தவர் ஒன்று, கூட இருந்து பார்த்தவர் ஒன்று. நம் வழக்கப்படி, போஸ்டிங் முடிகிற சனிக்கிழமை மத்தியானம் பதிவேடுகள் எல்லாம் மொத்தமாக மேசைக்கு வரும். நீங்கள் மூன்றாவது கட்டத்தில் வரிசையாக டிக் அடித்து உங்கள் கையெழுத்தைப் போட்டு என் பக்கம் தள்ளுவீர்கள். நான் யாருடனாவது பேசிக்கொண்டே என்னுடையதைப் போடுவேன். பக்கம் திருப்பக்கூட வேண்டாம், கையெழுத்துப் போடுகிற ஓரத்தை மட்டும் விசிறி மாதிரி விரித்துக் கொடுப்பீர்கள். மூன்று மாதம் உங்கள் பின்னால் வாளியும் துண்டும் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள், "தனியாகச் செய்தார்" என்று எழுதி வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஊருக்குப் போவார்கள்.

கவிதாவும் அப்படித்தான் போயிருப்பாள். போஸ்டிங்கை ஒரு மாதம் நீட்டச் சொல்லிக் கேட்டு வாங்கியது அவள்தான், மார்ச் மாதப் போட்டிகளில் கூட இருக்க ஆசை என்று. வேலந்தாவளத்துப் பெண், இருபத்திரண்டு வயசு, வாய் ஓயாது. வெயிலில் ஓடி மயங்கி விழுபவரை ஐஸ் தொட்டியில் இறக்கும் பயிற்சியை ஒரு நாள் நீங்கள் செய்து காட்டினீர்கள். ஒரு பையனைப் படுக்க வைத்து, அக்குளுக்கடியில் துணியை விட்டு, கழுத்து வரைக்கும் தண்ணீரில் இறக்கி, ஒரு கையால் தலையைத் தாங்கி, இன்னொரு கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள். முதலில் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி என்று பத்துத் தடவை சொன்னீர்கள். முடிந்ததும் அவள் கேட்டாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், ஒருக்கா நா செய்யட்டுங்களா?"

"அடுத்தவாட்டி பாத்துக்கலாஞ் சாமி. இப்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்கல்ல, போதும்."

மூன்று மாதம் முடிந்த அந்தச் சனிக்கிழமை அதற்கும் டிக் விழுந்தது. அடியில் உங்கள் கையெழுத்து, அதன் அடியில் என்னுடையது.

முதலமடைப் பக்கம் நடந்த சாலை ஓட்டத்துக்கு யார் எங்கே நிற்பது என்று பட்டியல் போட்டது நான். மூன்று இடம், நாம் இரண்டு பேர், கூட கவிதா. அதே நாள் மைதானத்தில் நீளம் தாண்டும் போட்டியும் இருந்தது, நீங்கள் அங்கே இருக்க வேண்டும். நான் பாதி வழியில். முடிகிற இடத்துக்கு கவிதாவைத் தனியாகப் போடலாமா என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்து பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஐஸ் தொட்டி, தனியாகச் செய்தார். இரண்டு கையெழுத்து. சரி என்று எழுதிவிட்டேன். சார், அதில் ஒன்று என் கையெழுத்து. நானே பார்க்காமல் போட்டதை நானே எடுத்துப் பார்த்து, நானே நம்பினேன். இதைவிடக் கேவலமாக ஒருத்தி ஏமாற முடியுமா?

எஸ்தரை மலையிலிருந்து கூட்டி வந்ததும் நான்தான். எங்கள் எஸ்டேட்டுப் பெண், பக்கத்து லயம். பதினேழு வயசு. பனியில் ஓடிப் பழகிய பிள்ளை, பாலக்காட்டு வெயிலுக்கு வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவள் முடிகிற கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது தள்ளாடி, யாரையோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு விழுந்தாள். வெயில் தலைக்கேறியதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம். கவிதாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. தொட்டியை நிழலில் நிரப்பித் தயாராகவே வைத்திருந்தாள். உங்களுக்கு நாலு தடவை போன் அடித்தாள். உங்கள் போன் பையில் கிடந்தது, நீங்கள் யாருக்கோ டேப் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் அடித்திருக்கிறாள், மாந்தோப்புக்குள் சிக்னல் இல்லை. அதற்குள் கூடியிருந்தவர்கள் எஸ்தரைத் தூக்கி ஒரு பிக்கப்பில் போட்டுக் கிளப்பிவிட்டார்கள். மாம்பழ சீசன், வழியெல்லாம் லாரி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிஷம் ஆகியிருக்கிறது.

நான் வந்து பார்த்தபோது தொட்டி நிரம்பி நின்றது. ஐஸ் பாதிகூட உருகவில்லை. கவிதா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "தண்ணிக்குள்ள மூச்சு நின்னுருச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டனுங்க்கா. சாரு தலைய எந்தக் கையில புடிச்சாருன்னு ஞாபகத்துக்கே வரலீங்க" என்றாள். அவள் அதற்குப் பிறகு இந்தப் படிப்புப் பக்கமே வரவில்லை. இப்போது ஏதோ ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாளாம்.

எஸ்தர் பிழைத்துக்கொண்டாள். சிறுநீரகம் தேற இரண்டு மாதமானது. ஓட்டம் போயிற்று. வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் தலை சுற்றுகிறது, சொன்னதை மறந்துவிடுகிறாள். சின்னக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறாள்.

இனி விசாரணை. சார், நான் உங்களை வெறுப்பது கவிதா கையிலிருந்து வேலையைப் பறித்ததற்காக மட்டும் இல்லை. மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், பதிவேடு மேசைமேல் திறந்து கிடந்தது. இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று கேட்டார்கள். நான் எழுந்திருக்க நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். நீங்கள் அதற்குள் பேசிவிட்டீர்கள்.

"அவங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நான் போடச் சொன்னனுங்க, போட்டாங்க."

பன்னிரண்டு வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள், நான் நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்துகொண்டேன். மறைப்பானேன், அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. கோபம் சாயங்காலம் பஸ் ஏறிய பிறகுதான் வந்தது. நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். என்ன பெரிய காப்பாற்றல்? என் தோளுக்குப் பின்னாலிருந்து வருகிற அதே கைதான் அன்றைக்கும் வந்தது. டேப் சுருளை வாங்கின மாதிரியே என் தப்பையும் கையிலிருந்து வாங்கி, சுருக்கமில்லாமல் நீங்களே சுற்றி முடித்துவிட்டீர்கள். உங்களை டவுன் ஆபீஸுக்கு மாற்றினார்கள், மாணவர் பக்கமே போகக் கூடாது என்றார்கள். தபால் பதிவு போட்டே உங்கள் கடைசி வருஷம் கழிந்தது. அந்தக் கைக்கு அது என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். நான் ஒரு நாள்கூட உங்களை வந்து பார்க்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை உடுமலை, மறையூர் வழியாக ஊருக்குப் போவேன். எஸ்தர் வீட்டுக்குப் போகாமல் வரமாட்டேன். அவள் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டலம் ஏலக்காய் கட்டிக் கொடுப்பார், எம் மகளை மறக்காமல் வந்து பார்க்கிறது நீ ஒருத்திதான் என்பார். அடுத்த மூச்சில் உங்களைத் திட்டுவார். பார்க்காமல் கையெழுத்துப் போட்ட பாவி என்பார். நீங்கள் போய்விட்டீர்கள் என்று நான் சொன்ன அன்று அடுப்பிலிருந்து நிமிராமலே, "செத்துட்டானா, சரி" என்றார். நான் ஏலக்காயை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இந்த மூன்று வருஷத்தில் பாயசம் வைக்க நான் கடையில் ஏலக்காய் வாங்கியதே இல்லை.

இப்போது அந்த மூன்று நாள் வகுப்பை எடுப்பது நான். சிரிக்காதீர்கள். அனுபவசாலி ட்ரெய்னர்கள் பன்னிரண்டு பேர், பாலக்காட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் வந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்காருகிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் நம் கதையைச் சொல்வேன். "ஒரு சீனியர் ட்ரெய்னர் இருந்தார், மாணவியைச் செய்யவே விடவில்லை, செய்ததாகக் கையெழுத்துப் போட்டார்" என்று தொடங்குவேன். ஒரு கையெழுத்துதான் என் கதையில் வரும்.

வியாழக்கிழமை ஐஸ் உடைத்துத் தொட்டி நிரம்பியதும் கதையை ஆரம்பித்தேன். பீர்மேட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், என் வயசுதான் இருக்கும், பதிவேட்டின் மாதிரிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கதை முடிந்ததும் கையைத் தூக்கினார். அவர் குத்திக் காட்டக் கேட்கவில்லை, அந்தப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம் இருக்கிறதே என்றுதான் கேட்டார்.

"இதுல ரெண்டு பேரு போடணும்லா மேடம். இன்னொன்னு யாரு போட்டது?"

மீன் வாசம் குப்பென்று வந்தது. தோளுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிற மாதிரியே இருந்தது, "நீங்க போயி டீ குடிங்க" என்று சொல்லப்போகிற மாதிரி. நான் அவசரமாக, நீங்கள் முந்திக்கொள்வதற்குள், "நான்" என்றேன்.

அந்தப் பீர்மேட்டுக்காரர் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு வந்திருந்த மாணவியைக் கூப்பிட்டுத் தொட்டிப் பயிற்சியைச் செய்யச் சொன்னேன். துணியைத் தப்பாகப் போட்டாள். தலையை விட்டுவிடுவாளோ என்று எனக்கு உயிரே போயிற்று. படுத்திருந்த பையன் ஒருமுறை தண்ணீரைக் குடித்து இருமினான். நான் தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, தலை இப்போது யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டேன். என் பொறுப்பு என்றாள், பிடியை மாற்றினாள். மூன்றாவது தடவை ஒழுங்காக வந்தது. பதிவேட்டில் "உதவியோடு செய்தார்" என்றுதான் போட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது, சுருங்கட்டும்.

ஆனால் ஹாலில் பன்னிரண்டு பேருக்குச் சொன்னது பெரிய காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு சின்னக்கானல் போனேன். எஸ்தர் மாதா கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அவள் அம்மா பால் விடாத கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை எஸ்தரிடம் கொடுத்து, கீழே இருக்கிற பெயரைப் படி என்றேன். படித்தாள், திரும்பவும் படித்தாள். நானும் பார்க்காமல்தான் போட்டேன் என்றேன். கவிதாவை அங்கே தனியாக நிறுத்தியதும் நான்தான் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், நிரம்பி நின்ற தொட்டி வரைக்கும்.

எஸ்தர் அழவில்லை. காகிதத்தை நாலாக மடித்தாள். அவளுக்கு அந்த நாளில் எதுவும் ஞாபகமில்லை, முடிகிற கோடு மட்டும்தான் ஞாபகம் என்று எப்போதும் சொல்வாள்.

"தொட்டி அங்கனயே இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சும்மா."

"ஐஸு?"

"இருந்துச்சு."

அவள் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் அம்மா சாயாவை என் முன்னால் வைத்தார். நான் குடிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் தங்கச்சி, மூணு வருசமா நா அந்த மனுசன மட்டும் பேசிட்டிருந்தேனே, நீ கேட்டுட்டுத்தான இருந்த?" என்றார். ஆமாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். வாசல் வரை வரவில்லை. பொட்டலம் இல்லை.

சார், கீழே இறங்கும்போது பை லேசாக இருந்தது, மனசு அப்படி இல்லை. உங்களை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, என்னையும்தான். அந்தப் பெண்ணின் ஓட்டத்துக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். மூன்று வருஷமாக அந்த வீட்டு அடுப்படியிலிருந்து முழுசாக உங்களுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த ஏச்சில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாதி எனக்கு வருகிறது. அது என்னுடையது. தோளுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டாதீர்கள்.